சுருதி இறங்கும், தந்தி இறங்காது

நான் அதிகம் வாசிக்கும் கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாகம்) பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் ஆறு தந்திகளின் இழுவிசையும் மறுபக்கம் கிட்டாரின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் அந்த பிரிட்ஜ் அசையாமல் இருக்கிறது. ஆறாவது தந்தியை மட்டும் ஒரு முழுச்சுரம் தளர்த்தினால் ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து, மற்ற ஐந்து தந்திகளின் சுருதியும் ஏறிவிடும். எல்லாவற்றையும் இறக்க வேண்டுமென்றால் முதலில் கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டில் உள்ள மூன்று பூட்டுகளை அலென் சாவியால் திறக்க வேண்டும். ஆறாவது தந்தியில் தொடங்கி முதல் தந்திவரை வந்து சேர்வதற்குள் ஆறாவது மறுபடி நகர்ந்திருக்கும். இப்படி நான்கைந்து சுற்று போன பிறகு பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் திருகுகளையும் தளர்த்த வேண்டும். வீட்டில் அரை மணி நேரம் ஆகும் இந்த வேலையை இரண்டு பாடல்களுக்கு நடுவே செய்யவே முடியாது. எங்கள் குழு வாசிக்கும் பாடல்களில் பாதி வழக்கமான ட்யூனிங்கிலும் மீதி அதைவிட ஒரு முழுச்சுரம் கீழேயும் அமைந்திருந்ததால், கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே வைத்துக் காலால் இயக்கும், சுருதியை இறக்கும் பெடல் ஒன்றை வாங்கினேன். அதனோடு பழகிய இத்தனை நாட்களில் அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

தந்தியை உண்மையாகவே இறக்கும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. வழக்கமான ட்யூனிங்கில் ஆறாவது தந்தியாகிய தாழ்ந்த ஈ (E என்ற சுரம்), விநாடிக்கு 82.41 முறை அதிர்கிறது. இரண்டு அரைச்சுரம், அதாவது ஒரு முழுச்சுரம், இறக்கினால் அது 73.42 ஹெர்ட்ஸ் உள்ள டி ஆகிறது. நான்கு இறக்கினால் 65.41 ஹெர்ட்ஸ் உள்ள சி. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், கேட்கும் சுருதியைவிட இழுவிசை வேகமாகக் குறைகிறது. இரண்டு அரைச்சுரத்தில் 79 சதவீதம் மிஞ்சும், நான்கில் 63 சதவீதம்தான் மிஞ்சும். 10 முதல் 46 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரணத் தந்திக் கட்டு சி-யில் தொளதொளவென்று ஆகிவிடும். அழுத்தி அடித்தால் தந்தி கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் மோதி இரைவதோடு, அடித்த கணத்தில் சுருதி மேலே எகிறிப் பிறகுதான் இடத்துக்கு வந்து அமரும். பழைய இறுக்கம் வேண்டுமென்றால் 46 இருந்த இடத்தில் ஏறக்குறைய 58 போட வேண்டும். 12 முதல் 60 வரையிலான கட்டுகள் விற்கப்படுவது இதற்காகத்தான். தடித்த தந்தி வந்தால் நட்டின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், பிரிட்ஜில் இண்டோனேஷனை (கழுத்து நெடுகச் சுருதி சரியாக விழுவதை) திருத்த வேண்டும், கழுத்தின் வளைவையும் பார்க்க வேண்டும். ஆகவே சுருதியை இறக்குவது என்பது ஒரு கிட்டாரையே அந்தச் சுருதிக்கென்று ஒதுக்கிவிடுவதாக முடிகிறது.

இந்தத் தளர்வையே விரும்பி நாடியவர்களும் உண்டு. பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி, 17 வயதில் தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கை வாசிப்பாளரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். 1971-இல் வெளிவந்த அந்தக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் அவர் மூன்று அரைச்சுரம் கீழே, சி ஷார்ப் வரை இறங்கினார். தந்தி இளகியதால் விரலுக்கு வலி குறைந்தது, ஒலியும் கனத்தது. அவரிடமிருந்து பின்னால் வந்த கனத்த இசை முழுவதும் அந்தத் தாழ்ந்த சுருதியைக் கற்றுக்கொண்டது. பெடல் தருவது இதற்கு நேர்மாறானது. சுருதி அவருடையதைப் போல இறங்கும். விரலுக்கு அடியில் தந்தி மட்டும் ஈ-யில் இருந்த அதே இறுக்கத்தோடு நிற்கும். சிலருக்கு இது குறையாகத் தோன்றுகிறது. எனக்கு இதுதான் இந்தப் பெடலின் முதல் நன்மை. வலக்கையை பிரிட்ஜில் வைத்து அடக்கிக்கொண்டு வேகமாக வாசிக்கும் பகுதிகளில் இறுகிய தந்தி பிக்கை (மீட்டும் வில்லையை) உடனே திருப்பி அனுப்புகிறது. அடிக்கும்போது சுருதி எகிறுவதும் இல்லை.

கருவிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-இல் விற்பனைக்கு வந்த ஈவென்டைட் எச்910 ஸ்டூடியோக்களுக்கான சுருதி மாற்றும் கருவி. 1982-இல் வந்த பாஸ் ஓசி-2 ஒரு ஆக்டேவ் (பன்னிரண்டு அரைச்சுரம்), இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள ஒலியைச் சேர்த்துக் கொடுத்தது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே அதனால் பின்தொடர முடிந்தது. 1989-இல் டிஜிடெக் வாமி வந்து சுருதியைக் காலால் வளைக்கும் வழியைத் தந்தது; கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசித்தால் அந்தத் தொடக்க காலப் பெடலும் தடுமாறியது. 1995-இல் வந்த ரோலண்ட் விஜி-8, ஆறு தந்திகளுக்கும் தனித்தனி பிக்அப் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) வைத்து, ஒவ்வொரு தந்தியையும் தனியாகக் கையாண்டு இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. முழுக் கார்டையும் ஒரே கம்பிவழியாக வாங்கி அப்படியே இறக்கும் பெடல்கள் அதற்குப் பிறகு வந்தவை: மார்ஃபியஸ் டிராப்ட்யூன், டிஜிடெக் டிராப், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பிட்ச் ஃபோர்க், அண்மையில் பாஸ் எக்ஸ்எஸ்-1. ஆம்ப்ளிஃபையரையும் பெடல்களையும் மென்பொருளால் போலச்செய்யும் லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற மாடலர்களில் இதே வேலை உள்ளுக்குள்ளேயே வந்துவிட்டது. கழுத்தில் தந்திகளின் மேல் மாட்டும் கேப்போ என்ற கவ்வி சுருதியை ஏற்றுவதைப் போல இவை இறக்குகின்றன என்று வைத்துக்கொண்டால் பயன்பாடு எளிதாகப் புரிந்துவிடும்.

ஆனால் கேப்போ தந்தியைத் தொடுகிறது, பெடல் தொடுவதில்லை. இதனால் வரும் விளைவுகளைப் புரிந்துகொள்ள, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய ஒலிநாடாவை மெதுவாக ஓட்டினால் சுருதி இறங்கும், பாடலும் நீளும். பெடலும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது: வரும் ஒலியை நினைவகத்தில் எழுதிக்கொண்டே, எழுதும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் அதைப் படிக்கிறது. இரண்டு அரைச்சுரம் இறக்க 0.89 மடங்கு வேகத்தில் படிக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு 100 மில்லி விநாடிக்கும் படிக்கும் முனை 11 மில்லி விநாடி பின்தங்குகிறது. இதை இப்படியே விட்டால் ஒரு பாடல் முடிவதற்குள் பல விநாடிகள் பின்னால் போய்விடும். ஆகவே படிக்கும் முனை அவ்வப்போது முன்னால் தாவியாக வேண்டும். தாவும் இடத்தில் இரு முனைகளிலும் அலையின் வடிவம் பொருந்தவில்லை என்றால் அது 'டிக்' என்று கேட்கும். பொருந்தும் இடத்தைத் தேடிப்பிடித்து, ஒன்றைத் தேய்த்து மற்றொன்றை வளர்த்து ஒட்டுவதில்தான் இந்தப் பெடல்களின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒற்றைச் சுரமாக இருந்தால் பொருந்தும் இடம் எளிதில் கிடைக்கும். தாழ்ந்த ஈ 12 மில்லி விநாடிக்கு ஒருமுறை தன்னையே திருப்பிச் சொல்கிறது. சரியாக ஒரு சுற்றுத் தாவினால் காதுக்குத் தெரியாது. கார்டு வாசிக்கும்போது ஆறு தந்திகளும் ஆறு வெவ்வேறு கால அளவில் திரும்புகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் என்று ஒன்று இல்லை. நீண்டு ஒலிக்கும் கார்டில் லேசான நடுக்கம் கேட்பதற்குக் காரணம் இதுதான். அதிகமாக இறக்க இறக்க நடுக்கம் ஏன் கூடுகிறது என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடுகிறது. நான்கு அரைச்சுரத்தில் 100 மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 21 மில்லி விநாடி பின்தங்கும், ஒரு ஆக்டேவில் 50. பின்தங்கல் இரட்டித்தால் தாவலும் இரட்டிக்கும், ஒட்டுப்போட்ட இடங்களும் இரட்டிக்கும்.

தாவாமல், ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நகர்த்தும் முறையும் இருக்கிறது. அங்கே தடை வேறு. தாழ்ந்த ஈ-யும் அதற்கு அடுத்த எஃப்-ம் 82.41, 87.31 ஹெர்ட்ஸ், இடைவெளி 4.9 ஹெர்ட்ஸ்தான். இவ்வளவு நெருக்கமான இரண்டைப் பிரித்தறிய ஏறக்குறைய 200 மில்லி விநாடி கேட்டுப் பார்க்க வேண்டும். பிக் பட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையே அவ்வளவு நேரம் காத்திருந்து யாராலும் வாசிக்க முடியாது. எந்த முறையானாலும் துல்லியம் கொஞ்சம், வேகம் கொஞ்சம் என்று விட்டுக்கொடுத்துத்தான் பெடல் செய்யப்பட்டிருக்கிறது.

அந்தத் தாமதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் மாலை கிட்டாரின் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகவும் மற்றொன்றைப் பெடல் வழியாகவும் கணினியில் இரண்டு டிராக்குகளாகப் பதிவு செய்தேன். அடக்கிய ஈ தந்தியில் ஒரே ஒரு அடி. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது மேல் டிராக்கில் பிக் பட்ட கூர்மையான முள் ஒன்று தனியாக நின்றது. கீழ் டிராக்கில் அதே முள் கொஞ்சம் மழுங்கி, 15 மில்லி விநாடி தள்ளி நின்றது. அந்த மழுங்கலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும் என்பதால், 15 மில்லி விநாடி என்பது ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். மேடையில் அப்படி நின்று வாசிப்பது பழக்கமானதுதான். ஆனால் ஏற்கெனவே நான்கு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இது ஒன்பது மீட்டராகிறது. வயர்லெஸ், மாடலர், ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில மில்லி விநாடிகளைச் சேர்க்கும். மெதுவான கார்டுகளில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வேகமான குதிரை நடைப் பகுதிகளில் மட்டும், ஒலி தாமதிப்பதை ஈடுகட்ட என் கை டிரம்ஸை முந்தி ஓடத் தொடங்கியது. பதிவைக் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. இப்போது பெடல் போட்டிருக்கும் பாடல்களில் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு மீட்டருக்குள் நின்றுகொள்கிறேன். கேபிள் மட்டும் பயன்படுத்துகிறேன், வயர்லெஸ் இல்லை.

இன்னொன்றை யாரும் முன்கூட்டியே எனக்குச் சொல்லவில்லை, அதனால் முதல் வாரம் முழுவதும் குழம்பினேன். இரவில் ஆம்ப்ளிஃபையரை மிகக் குறைவாக வைத்து, பெடலை இரண்டில் நிறுத்திப் பயிற்சி செய்தபோது கார்டு எதுவும் சுருதி சேரவில்லை. ட்யூனரில் பார்த்தால் ஆறு தந்தியும் சரி. மூன்று முறை மறுபடி சேர்த்தேன். பெடல் பழுது என்றே முடிவு செய்து, அதை அணைக்காமல் ஆம்ப்ளிஃபையரின் ஒலியை மட்டும் முற்றிலும் குறைத்தேன். அப்போதும் கிட்டார் கேட்டது. மின்சாரம் இல்லாமல் தந்தியிலிருந்து நேராக அறைக்குள் வரும் மெல்லிய ஒலி ஈ-யில் இருக்கிறது, ஸ்பீக்கர் டி-யில் ஒலிக்கிறது, காதில் இரண்டும் மோதுகின்றன. கிட்டாரின் மரம் விலாவில் படிந்திருப்பதால் உடல் வழியாகவும் அந்த ஈ வந்து சேர்கிறது. ஸ்பீக்கரின் ஒலியை உயர்த்தினால் அது தந்தியின் ஒலியை விழுங்கிவிடும், சிக்கல் போய்விடும். இரவில் வாசிப்பவர்களுக்கு காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன்தான் வழி. திறந்த வகை ஹெட்ஃபோனில் தந்தி உள்ளே கேட்கும். மைக்கில் பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தவறான சுருதி குரலை இழுத்துக்கொண்டு போகும்.

ஃபீட்பேக்கும் இதே காரணத்தால் மாறுகிறது. சாதாரணமாக ஸ்பீக்கர் ஒலி தந்தியை அதே அதிர்வெண்ணில் தள்ளித் தள்ளி, பிடித்த சுரத்தை நீட்டிவைக்கும். பெடல் நடுவில் இருக்கும்போது ஸ்பீக்கர் தள்ளுவது ஒரு சுருதியில், தந்தி அதிர்வது வேறு சுருதியில். எனவே சுரம் நீளாமல் தேய்ந்துபோகிறது, அல்லது எதிர்பாராத ஒரு மேல் சுரத்தில் போய் நிற்கிறது. ஃபீட்பேக்கைக் கையாண்டு வாசிக்கும் இடங்கள் உள்ள பாடலுக்கு நான் பெடலைப் பயன்படுத்துவதில்லை.

பெடல் வரிசையில் இதன் இடம் முதலில், ட்யூனருக்கு அடுத்தபடியாக. ட்யூனர் முன்னால் இருந்தால் தந்தியின் உண்மையான சுருதியைக் காட்டும். பின்னால் இருந்தால் பெடல் போட்டிருக்கும்போது ஈ தந்திக்கு டி என்று காட்டும், அவசரத்தில் கை தவறான பக்கம் திருப்பிவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதன் காரணம் இன்னும் முக்கியமானது. இரண்டு சுரங்கள் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் பல புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அந்தக் காட்டை பெடலிடம் கொடுத்தால் பொருந்தும் இடத்தைத் தேடி அது திணறும். தெளிந்த சிக்னலை முதலில் இறக்கி, இறங்கிய சுரங்களை டிஸ்டார்ஷனுக்குக் கொடுத்தால், உண்மையிலேயே இறக்கிய கிட்டாரில் பிறக்கும் அதே கூட்டல் கழித்தல்கள் பிறக்கின்றன. கிட்டாரின் பிக்அப்போடு நேராக இணைய விரும்பும் பழைய வகை ஃபஸ் பெடல்களுக்கு மட்டும் இந்த வரிசை பிடிக்காது. அங்கே இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, அந்த மழுங்கிய முள். பெடலுக்கு எது சுரம், எது பிக்கின் உரசல் என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே இறக்குகிறது. உண்மையில் தளர்த்திய தந்தியில் சுரம் இறங்கினாலும் பிக் உரசும் சத்தமும், பிக்அப்பின் இயல்பால் ஏற்படும் மேல் பகுதிப் பளிச்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெடலிலோ 4,000 ஹெர்ட்ஸில் இருந்த பளிச்சு இரண்டு அரைச்சுர இறக்கத்தில் 3,560-க்கு வந்துவிடுகிறது. மின்சார இரைச்சல்கூட இறங்கிக் கேட்கும். ஒலி ஒரு போர்வைக்குள்ளிருந்து வருவதைப் போல இருக்கிறது என்று பலர் சொல்வது இதைத்தான். பெடல் போட்டவுடன் ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டுகிறேன், டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஒரு ஈக்வலைசர் வைத்துத் தாழ்ந்த பகுதியைக் கொஞ்சம் குறைக்கிறேன், 1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த, ஓரம் கூர்மையான பிக்கை எடுத்துக்கொள்கிறேன். இந்த மூன்றில் பிக்கை மாற்றியதே அதிக வித்தியாசம் தந்தது.

பெடல் எல்லாத் தந்திகளையும் ஒரே அளவு இறக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டிராப் டி-யில் ஆறாவது தந்தி மட்டும் தனியாக இறங்குகிறது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும். நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஆறாவதைக் கையால் டி-க்குக் கொண்டுவந்துவிட்டு, பெடலை இரண்டில் வைத்தால் டிராப் சி கிடைத்துவிடும். மிதக்கும் பிரிட்ஜில் அந்த ஒரு தந்தியே எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்பதால் எனக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

எத்தனை அரைச்சுரம்வரை நம்பலாம் என்று பலர் கேட்கிறார்கள். என் காதுக்கு ஒன்றும் இரண்டும் முழு நம்பிக்கைக்குரியவை; குழுவோடு வாசிக்கும்போது யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றில், தனியாக ஒலிக்கும் அறிமுகப் பகுதிகளில் நடுக்கம் தெரிகிறது, டிரம்ஸும் பேஸும் வந்த பிறகு மறைந்துவிடுகிறது. நான்கு, ஐந்து என்று போனால் ஒரு மெட்டு அந்தச் சுருதியில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன். பிடித்துவிட்டால் தந்தியை மாற்றிய வேறு கிட்டாரை எடுத்துவிடுகிறேன். டிஜிடெக் டிராப்பின் குமிழில் ஏழு அரைச்சுரம்வரையும் அதற்கு மேல் ஆக்டேவும் இருக்கின்றன. அவற்றை மாற்று ட்யூனிங்காகக் கருதாமல் ஒரு தனி ஒலியாகக் கருதினால் அழகான பயன்கள் கிடைக்கும். பதிவுக்கு மட்டும் இரண்டு அரைச்சுரமே ஆனாலும் நேரடிப் பெடல் வேண்டாம் என்பதே என் கருத்து. பதிவு செய்த ஒலியை மென்பொருளில் இறக்கும்போது அதற்கு அவசரம் இல்லை, வரப்போகும் ஒலியையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு ஒட்ட முடிகிறது. விளைவு கேட்டாலே தெரியும். அதைவிடவும் நல்லது, தடித்த தந்தியோடு உண்மையாகவே இறக்கிய கிட்டார்.

இப்போது என் ஏற்பாடு இப்படி இருக்கிறது. மிதக்கும் பிரிட்ஜ் கிட்டாரில் 10 முதல் 46, வழக்கமான ட்யூனிங், முன்னால் ட்யூனர், அதற்கடுத்து பெடல், குமிழ் எப்போதும் இரண்டில். நிலையான பிரிட்ஜ் கொண்ட இரண்டாவது கிட்டாரில் 12 முதல் 60, சி ட்யூனிங், அதற்குப் பெடல் கிடையாது. ஒரு நிகழ்ச்சியில் முந்தைய பாடல் முடிந்ததும் பெடலை அணைக்க மறந்து, அடுத்த பாடலின் அறிமுகத்தைத் தனியாக டி-யில் வாசித்துக்கொண்டே போனேன். நான்காவது பாரில் (தாளச் சுற்றில்) பேஸ் ஈ-யில் வந்து சேர்ந்தது. விரல்கள் பழகிய இடத்திலேயே இருப்பதால் கைக்கு எந்தத் துப்பும் கிடைப்பதில்லை. அன்றிலிருந்து ஒரே ட்யூனிங்கில் உள்ள பாடல்களை அடுத்தடுத்து வைக்கிறோம். பாடல் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பெடல்' அல்லது 'நேர்' என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொள்கிறேன். டிரம்ஸ் வாசிப்பவர் எண்ணத் தொடங்கும் முன் குனிந்து விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன்.